கடைசிப் பட்டனை மட்டும் அழுத்திப் பார்த்தவள்

அந்தச் சனிக்கிழமை மதியம் நான் மாற்றியது மொத்தம் பதினொரு வரிகள். எண்ணியது நான் அல்ல, என் மகள். பழைய ஃபைலையும் புதிய ஃபைலையும் அருகருகே வைத்து, மாறிய வரிகளை மட்டும் மஞ்சள் நிறத்தில் காட்டும் திரையைப் பார்த்தபடி அவள் எண்ணிக்கொண்டிருந்தபோது, நான் தண்ணீர் டம்ளரோடு அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்தேன். என் முகம் அவளுக்குத் தெரியாது. தெரிய வேண்டாம் என்றுதான் பின்னால் நின்றேன்.

எனக்கு இந்தத் தொழில் தெரியும் என்பதுதான் எல்லாவற்றுக்கும் காரணம். திருமணத்துக்கு முன்பும் பின்பும் சேர்த்து ஒன்பது வருடம் சென்னையில் ஒரு சிறிய நிறுவனத்தில் நிரல் எழுதினேன். செங்கல்பட்டிலிருந்து தினமும் மின்சார ரயில். கடைகளுக்கான பில் போடும் மென்பொருள்கள்தான் எங்கள் வேலை. திரையில் ஒரு பட்டனை இழுத்து வைப்போம். பக்கத்தில் ஒரு நீளமான பட்டியல் வரும்: அதன் பெயர், நிறம், அகலம், மேலே என்ன எழுத்து, அம்புக்குறியைக் கொண்டுபோனால் என்ன குறிப்பு. இவையெல்லாம் அந்தப் பட்டனின் ப்ராபர்ட்டிகள். அதன் மேல் இரண்டு முறை தட்டினால் வெற்றுப் பக்கம் திறக்கும். அழுத்தினால் என்ன நடக்க வேண்டும் என்பதை அங்கே எழுதுவோம். மகள் பிறந்த பிறகு வேலையை விட்டேன். இப்போது மாலையில் ஒரு பயிற்சி நிலையத்தில் பிளஸ் டூ முடித்த பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் சொல்லித் தருகிறேன். "ஓட்டிப் பாக்காம எங்கிட்ட கொண்டாராதீங்க" என்று ஒரு நாளைக்குப் பத்து முறையாவது அவர்களிடம் சொல்வேன்.

மகள் பொறியியல் கடைசி வருடம். கூடுவாஞ்சேரியில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்துப் போக வேண்டிய கல்லூரி. அவளுடைய ப்ராஜெக்ட் மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பத்தின் மணலைப் பற்றியது. ஒவ்வொரு சனிக்கிழமையும் பஸ் பிடித்துப் போய், வலை வைக்கும் கொட்டகையின் குறிப்பிட்ட ஒரு தூணுக்குப் பக்கத்தில் நின்று, ஒரே திசையைப் பார்த்து ஒரு படம் எடுப்பாள். அந்தப் படத்தில் அலை வந்து நின்ற கோட்டை அவள் எழுதிய மென்பொருளில் குறித்தால், படகு நிறுத்த இன்னும் எத்தனை அடி மணல் மிச்சம் என்று அது கணக்கிட்டுச் சொல்லும். ஏழு மாதம் இப்படிப் போனாள். குப்பத்துக்காரர்களே பயன்படுத்தட்டும் என்று பட்டன்களில் தமிழில் எழுதியிருந்தாள். திரையின் மேலே ஒரே வரிசையில் ஐந்து: திற, குறி, சேமி, அழி, அள.

அந்த நாலாவது பட்டன்தான் என் தூக்கத்தைக் கெடுத்தது. 'அழி' என்றால் படத்தின் மேல் போட்ட குறிகள் எல்லாம் போய்விடும். அதைப் போய் 'சேமி'க்கு ஒட்டினாற்போல் வைத்திருந்தாள்.

"கை தவறிச்சின்னா என்னடி பண்ணுவ? அதத் தூக்கி அந்தக் கடைசில போடு. நடுவுல ஒரு கோடு வேற போடு."

"அழிக்கவான்னு கேக்குதுல்லம்மா. கேட்டுட்டுத்தான் அழிக்கும்."

"கேக்கறதப் படிக்காம அழுத்துறவங்கதான் ஜாஸ்தி."

"அவங்கல்லாம் உன் கிளாஸ்ல இருக்காங்க. விடும்மா."

அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குத்தான் அது உள்ளே போய்த் தங்கிவிட்டது. எரிவாயு சிலிண்டரை மூடினேனா என்று பாதி வழியில் திரும்பி வருகிற ஆள் நான். திங்கட்கிழமை அவளுக்கு வைவா, ப்ராஜெக்டுக்கான வாய்மொழித் தேர்வு. வெளியிலிருந்து ஒரு பரீட்சகர் வருவார். அவர் முன்னால் அவள் விரல் தவறி 'அழி'யில் விழுவதை நான் எத்தனை முறை கற்பனையில் பார்த்தேன் என்று சொன்னால் பைத்தியம் என்பார்கள்.

வெள்ளிக்கிழமையே எல்லாவற்றையும் சோதித்து முடித்துவிட்டாள். "இனிமே இதத் தொடவே மாட்டேன். ஓடுற ப்ரோகிராமத் தொடக் கூடாது," என்றாள். சனிக்கிழமை கடைசிப் படத்துக்காக மாமல்லபுரம் கிளம்பினாள். அந்தப் படத்தைப் பரீட்சகர் முன்னாலேயே முதல் முறையாகத் திறந்து குறித்துக் காட்டுவதாகத் திட்டம். போகும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "லேப்டாப்ப சார்ஜ்ல போட்டு வைம்மா," என்றாள்.

சார்ஜில் போட்டேன். அதோடு நிறுத்தியிருக்க வேண்டும்.

மதியத் தொழுகை முடித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். என் கணவர் கடைத்தெருவில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார், சாயங்காலம்தான் வருவார். வீட்டில் நான் மட்டும். ஒரு பட்டனை நகர்த்துவது ஐந்து நிமிட வேலை, அவளுக்குத் தெரியக்கூட வேண்டாம், தெரிந்தாலும் வைவா முடிந்து நன்றிதான் சொல்வாள் என்று நினைத்தேன். மடிக்கணினிக்குக் கடவுச்சொல் கிடையாது. எங்கள் வீட்டில் அப்படி ஒரு வழக்கமே இருந்ததில்லை.

அவள் எழுதிய நிரலைத் திறந்தேன். நான் பழகிய மொழி வேறு, அவள் எழுதியது பைத்தான். ஆனாலும் படித்தால் புரிந்தது. ஒவ்வொரு பட்டனுக்கும் அவள் நாலு நாலு வரி எழுதியிருந்தாள்: படம், எழுத்து, குறிப்பு, கடைசியாக, அழுத்தினால் ஓட வேண்டிய ஃபங்ஷனின், அதாவது அந்த வேலையைச் செய்யும் நிரல் துண்டின், பெயர். அந்தக் கடைசி வரியைத்தான் கால்பேக் என்பார்கள். இப்போது கூப்பிடாதே, தேவைப்படும் நேரத்தில் இந்த ஆளைக் கூப்பிடு என்று முன்னாலேயே சொல்லி வைப்பது. 'அழி'யின் வரிகளை வெட்டிக் கடைசியில் ஒட்டினேன். முன்னால் ஒரு பிரிப்புக் கோடு போட்டேன். எழுத்தைப் படத்துக்குக் கீழே வரும்படி மாற்றினேன். வேலை அங்கே முடிந்துவிட்டது.

ஆனால் ஒரே மாதிரி நாலு வரிகள் ஐந்து முறை திரும்பத் திரும்ப வந்தது என் கண்ணை உறுத்தியது. எங்கள் நிறுவனத்தில் இப்படி எழுதினால் மூத்தவர்கள் சிரிப்பார்கள். ஐந்து பட்டனுக்கும் எண் கொடுத்து ஒரே வேலையை எண் வரிசையில் திரும்பத் திரும்பச் செய்யும் லூப் ஒன்றில் சுருக்குவோம். பரீட்சகர் நிரலைத் திறந்து பார்த்தால் என் மகளைக் கற்றுக்குட்டி என்று நினைத்துவிடுவாரே என்று பட்டது. பட்டன்களின் பெயர்களை ஒரு பட்டியலாக்கி, ஃபங்ஷன்களை இன்னொரு பட்டியலாக்கி, ஒரு லூப் போட்டேன். எண் ஒவ்வொன்றாக ஏறும்போது அந்தந்த எண்ணுக்குரிய பட்டன், அந்தந்த எண்ணுக்குரிய கால்பேக். மொத்தம் பதினொரு வரிகள். இருபது வருடத்துக்குப் பிறகு எழுதிய அந்த வரிகளைப் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் பெருமைதான் அது.

ஓட்டிப் பார்த்தேன். மேலே பட்டன் வரிசை அழகாக வந்தது. 'அழி' மட்டும் தனியாக, கோட்டுக்கு அப்பால். எனக்குப் பயம் எதன் மேல் இருந்ததோ அதை அழுத்தினேன். "எல்லாக் குறிகளையும் அழிக்கவா?" என்று கேட்டது. "வேண்டாம்" என்பதைத் தட்டினேன். மூடி வைத்தேன். மற்ற நாலு பட்டன்களை அழுத்திப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவற்றைப் பற்றி எனக்குப் பயம் இல்லை, அதனால்.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ரிப்போர்ட்டை அச்சடித்து பைண்டிங் செய்யும் கடையில் அவளுக்குக் கழிந்தது. திங்கள் காலை ஏழு மணி ரயிலுக்கு, என் கையிலிருந்து இட்லி டப்பாவை வாங்கிக்கொண்டு ஓடினாள்.

மூன்று மணிக்குத் திரும்பி வந்தாள். பையை மெதுவாகத் தரையில் வைத்தாள். மெதுவாக வைக்கிற பெண் அல்ல அவள். அன்றைக்குப் பார்த்து என் கணவரும் சாப்பாட்டுக்கு வந்திருந்தார்.

"இன்னாம்மா, முடிஞ்சிதா?"

"இல்ல அத்தா. அடுத்த திங்கக்கிழம திரும்ப வரச் சொல்லிட்டாங்க."

"இன்னாத்துக்கு?"

அவள் சுவரைப் பார்த்துச் சொன்னாள். 'திற' அழுத்தினாளாம், எல்லாக் குறிகளையும் அழிக்கவா என்று கேட்டது. வேண்டாம் என்று தட்டிவிட்டு மறுபடி அழுத்தினாள், அதே கேள்வி. 'குறி' அழுத்தினாள், அதே கேள்வி. 'சேமி', அதே கேள்வி. பரீட்சகர் முதலில் சிரித்தாராம். "எதத் தொட்டாலும் அழிக்கட்டாங்குது, பொறுமையான சாஃப்ட்வேர்தான்," என்றாராம். பின்னால் உட்கார்ந்திருந்த பையன்களும் சிரித்திருக்கிறார்கள். பிறகு நிரலைத் திறக்கச் சொன்னார். பட்டன்கள் இருக்க வேண்டிய இடத்தில் அவள் எழுதாத ஒரு லூப் இருந்தது.

"இது எப்படி வேல செய்யுது, விளக்குங்கன்னு கேட்டார். எனக்கு ஒண்ணும் ஓடலம்மா. இது என் லைன் இல்ல சார்னு சொல்லிட்டேன். உங்க லைன் இல்லன்னா எந்த சென்டர்ல வாங்குனீங்கன்னு கேட்டார்."

ப்ராஜெக்டைக் காசுக்குச் செய்து கொடுக்கும் கடைகள் ஜிஎஸ்டி சாலை முழுக்க உண்டு. சென்டர் என்றால் அதுதான். ஏழு மாதம் வெயிலில் பஸ் ஏறிப் போனவளிடம் அந்தக் கேள்வி.

"அப்புறம் ரிப்போர்ட்டப் புரட்டுனார். நன்றிப் பக்கத்துல, முதல் நிரலை எழுதக் கற்றுத்தந்த என் தாய்க்குன்னு போட்டிருந்தேன்ல. அம்மா எழுதிக் குடுத்தாங்களான்னு கேட்டார்."

நான் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

"இல்ல சார், எங்கம்மா கேக்காம எதையும் தொட மாட்டாங்கன்னு சொன்னேன்."

என் கணவர் சோற்றைப் பிசைந்தபடி, "வைரஸா இருக்கும். நம்ம கட பில்லு பொட்டில வந்துச்சே, அத மாதிரி," என்றார். பிறகு, "உங்கம்மாவாண்ட காட்டு. ஒம்போது வருசம் இதே வேலதான பண்ணிகினு இருந்தா. ஒரு பார்வைல சொல்லிடுவா," என்றார்.

அந்த நிமிடத்தில் சொல்லியிருக்கலாம். சொல்ல வாயைத் திறந்ததுகூட நினைவிருக்கிறது. வெளியே வந்தது, "முதல்ல சாப்பிடு," என்பதுதான்.

அவள் சாப்பிடவில்லை. பென் டிரைவில் வைத்திருந்த வெள்ளிக்கிழமை ஃபைலை எடுத்து, இரண்டையும் ஒப்பிட்டாள். நான் டம்ளரோடு பின்னால் நின்றது அப்போதுதான். பதினொரு வரிகள் என்று எண்ணினாள். எது தவறு என்று கண்டுபிடிக்க அவளுக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அவள் திரையைப் பார்த்து முணுமுணுத்ததிலிருந்துதான் எனக்கே விளங்கியது. நான் ஒவ்வொரு பட்டனுக்கும் கொடுத்தது ஒரு ஃபங்ஷனின் பெயரை அல்ல, 'இந்த எண்ணில் உள்ளதைக் கூப்பிடு' என்ற கட்டளையைத்தான். வாசலில் நிற்கிற ஆளைக் கூப்பிடு என்று ஐந்து பேரிடம் சொல்லி வைத்தது போல. நான் சொன்னபோது வாசலில் ஒவ்வொருவராக மாறி மாறி நின்றார்கள். பட்டனை அழுத்திக் கூப்பிடும் நேரத்தில் கடைசியாக வந்தவர் மட்டும் அங்கேயே நிற்கிறார். கடைசியில் நான் நிறுத்தி வைத்தது 'அழி'. பத்திரமாக இருக்கட்டும் என்று அதைக் கடைசிக்குத் தள்ளாமல் இருந்திருந்தால், தவறு இவ்வளவு அசிங்கமாகக்கூட வெளியே தெரிந்திருக்காது. நான் பழகிய மொழியில் எந்த எண்ணுள்ள பட்டன் அழுத்தப்பட்டது என்பதைப் பட்டனே சொல்லிவிடும். அந்த நினைப்பில் எழுதிவிட்டேன்.

அவள் திரும்பாமலே கேட்டாள்.

"ம்மா, சனிக்கிழம என் லேப்டாப்பத் தொட்டியா?"

"சார்ஜ் போட்டேன். அவ்ளோதான்."

"சரி."

அந்தப் பொய் எவ்வளவு சுலபமாக வந்தது என்பதுதான் இன்றைக்கும் என்னை உலுக்குகிறது. யோசித்துச் சொன்னதாக இருந்தாலாவது தேவலை. யாரோ முன்னாலேயே எழுதிவைத்தது போல வந்தது. அன்று மாலை தொழுகைக்கு நின்றேன். ஓதுவது வரிசை மாறிப்போய், மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். மூன்றாவது முறையும் பாதியில் நின்றது.

செவ்வாயிலிருந்து வெள்ளி வரை அவள் என்னிடம் தேவைக்கு மட்டும் பேசினாள். கோபம் தெரியவில்லை. சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்தாள். வெள்ளிக்கிழமை காலை அவள் குளிக்கப் போனபோது மடிக்கணினி மேசையில் திறந்திருந்தது. திரையில் ஒரு சிறிய பெட்டி, கடவுச்சொல்லைக் கேட்டபடி. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். என் முகத்தில் அறைந்தது போல என்று எழுத நினைத்தேன். அப்படி இல்லை. இந்த வீட்டில் இனி எனக்கு ஒரு கதவு மூடியிருக்கிறது, அதை மூட வைத்தது நான் என்று தெரிந்தது, அவ்வளவுதான்.

சனிக்கிழமை அவள் மறுபடி குப்பத்துக்குக் கிளம்பினாள். படமெடுக்க வேண்டிய அவசியம் முடிந்துவிட்டது. ஆனால் மறு வைவாவில் புதிய படம் ஒன்றைக் காட்டினால் நம்புவார்கள் என்று நினைத்தாள். நானும் வருகிறேன் என்றேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பஸ்ஸில் இரண்டு மணி நேரம் பக்கத்துப் பக்கத்து இருக்கை. அவள் காதில் இயர்போன். நான் மனத்துக்குள் பத்து விதமாக வாக்கியம் தொடங்கிப் பார்த்தேன்.

வலைக் கொட்டகைத் தூணில் அவள் கரியால் போட்ட ஒரு கோடு இருந்தது. தோளை அதற்கு நேராக வைத்து நின்றால் படம் மாறாமல் வருமாம். ஏழு மாதமாக அவள் நின்ற இடத்தை நான் அன்றுதான் முதல் முறையாகப் பார்த்தேன். படகுக்காரர் ஒருவர் நிழலில் உட்கார்ந்து இஞ்சினைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னா பாப்பா, இன்னிக்கு செக்யூரிட்டியோட வந்துகினு கீற?"

"எங்கம்மா அண்ணே."

"வாங்கம்மா. இன்னா ஆச்சு பாப்பா, பரீச்ச பாஸா?"

"பொட்டி வேல செய்யலண்ணே. திரும்ப வரச் சொல்லிட்டாங்க."

"வூட்டாண்ட ஓடிச்சா?"

"ஓடிச்சு."

"அங்க போயி மக்கர் பண்ணிச்சு." அவர் கையிலிருந்த ஸ்பேனரை ஆட்டினார். "இதுவும் அப்டித்தான். நேத்து வரிக்கும் நல்லா ஓடிகினு இருந்திச்சு. எவனோ நோண்டிட்டான். எங்க மச்சானத்தான் டவுட்டு. கேட்டா நானா, இஞ்சினானு ஆகாசத்தப் பாக்கறான்."

"கையில எண்ணெ இருந்திச்சாண்ணே?"

"முழங்கை வரிக்கும் கீது. ஆனா தொடலயாம்." அவர் சிரித்தார். "நோண்டுனதுகூடப் பரவால்ல பாப்பா. எந்த ஸ்க்ரூவன்னு சொல்லிட்டான்னா அர மணில மாட்டிடுவேன். வாயத் தொறக்காததால மொத்தமும் பிரிச்சிப் போட்டுகினு கீறேன். பேஜாரு."

மகளும் சிரித்தாள். என் பக்கம் திரும்பாமல் சிரித்தாள். நான் நாலு அடி தள்ளிப் போய் ஈர மணலில் நின்றுகொண்டேன். அவள் படம் எடுத்து முடித்து என் பக்கத்தில் வந்ததும் சொன்னேன். பஸ்ஸில் தயாரித்த வாக்கியங்கள் எதுவும் வரவில்லை.

"அந்தப் பதினோரு லைனும் நான்தான்."

"தெரியும்."

"எப்போ?"

"திங்கக்கிழமயே. ஃபைல் மாறுன நேரம் சனிக்கிழம மூணேகால்னு இருந்திச்சு. அப்ப வூட்ல நீ மட்டும்தான் இருந்த. அதோட பிராக்கெட்டுக்கு உள்ள ரெண்டு பக்கமும் இடம் விட்டு எழுதுறது இந்த ஊர்ல நீ ஒருத்திதான்."

"அப்புறம் ஏன் எங்கிட்ட கேக்கல?"

"கேட்டேனேம்மா."

அலை வந்து இருவர் காலையும் நனைத்துவிட்டுப் போனது. எனக்கு அவள் முகத்தைப் பார்க்கும் தைரியம் வரவில்லை.

இதற்குப் பிறகு நடந்ததை எழுதாமல் விட்டுவிடலாமா என்று யோசித்தேன். ஒத்துக்கொண்டதோடு நிறுத்தினால் படிப்பவர்களுக்கு என் மேல் கொஞ்சம் இரக்கம் மிஞ்சும். ஆனால் நடந்தது இதுதான். அவள் சொன்னாள்: "திங்கக்கிழம அவர் திரும்பவும் அதே கேள்வியத்தான் கேப்பார். அம்மா எழுதுனாங்களான்னு. போன வாட்டி தெரியாததால இல்லன்னு சொன்னேன். இந்த வாட்டி என்ன சொல்றது?"

நான் உடனே சொன்னேன்: "இல்லன்னே சொல்லிடு. பழைய ஃபைல் மாறிப்போச்சு, பென் டிரைவ்ல ஏதோ குழப்பம்னு சொல்லிடு. வெளியாள் எழுதுனதுன்னா மொத்தமா ரத்து பண்ணிடுவாங்கடி."

அவள் என்னை ஒரு நிமிடம் பார்த்தாள். சின்ன வயதில் அவள் தோழியின் ரப்பரை எடுத்து வந்ததற்கு, நான் அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்த் திருப்பிக் கொடுக்க வைத்திருக்கிறேன். அதை இருவருமே நினைத்துக்கொண்டோம் என்று நினைக்கிறேன். அவள் பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தாள். நான் பின்னாலேயே போனேன்.

ஞாயிறு இரவு என் கணவரிடம் சொன்னேன். "நான் வேற வைரஸுன்னுகினு இருந்தேன்," என்றார். பிறகு, "நாளிக்கி நீயே போய்ச் சொல்லிடு. புள்ளயச் சொல்ல வெக்காத," என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை. அதுவே பெரிய தண்டனையாக இருந்தது.

திங்கட்கிழமை அவளோடு ரயில் ஏறினேன். "நீ ஏன் வர?" என்றாள். "சொல்றதுக்கு," என்றேன்.

ஆய்வுக்கூடத்துக்கு வெளியே அவளுடைய வழிகாட்டி ஆசிரியையும் அந்தப் பரீட்சகரும் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். பரீட்சகர் என்னைவிட இளையவர். நான் கைப்பையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு போய் நின்றேன். மகள் என் பக்கத்திலேயே நின்றாள்.

"சார், போன வாரம் பட்டன் தப்பா வேல செஞ்சிது இல்லீங்களா. அந்த வரிகள நான்தான் எழுதினேன். அவளுக்குத் தெரியாம, அவ வீட்ல இல்லாதப்ப. அம்மா எழுதலன்னு உங்ககிட்ட அவ சொன்னது உண்மைன்னு நெனச்சுத்தான். அவ கேட்டப்ப நான் அவகிட்டயும் பொய் சொல்லிட்டேன்."

அவர் டீக் கோப்பையைக் கீழே வைத்தார். "நீங்க எழுதிட்டு ஓட்டிப் பாக்கலயாம்மா?"

"பாத்தேன் சார். கடைசி பட்டன மட்டும்."

ஆசிரியை வாயை மூடிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினார். சிரிப்பாகத்தான் இருக்கும். பரீட்சகர் சிரிக்கவில்லை. "இத முன்னாடியே சொல்லிருந்தா இவங்கள திரும்ப வரவெச்சிருக்க மாட்டோம்," என்றார். பிறகு மகளிடம், "நீங்க ஏன் கொண்டு வர்றதுக்கு முன்னாடி செக் பண்ணல?" என்று கேட்டார்.

"வெள்ளிக்கிழம பண்ணேன் சார். அதுக்கப்புறம் யாரும் தொட மாட்டாங்கன்னு நெனச்சேன். திங்கக்கிழம காலைல திரும்பப் பண்ணிருக்கணும். அது என் தப்புதான்."

"அதுக்கு மார்க் குறைப்பேன்."

"சரிங்க சார்."

என்னை வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். கதவு பாதி திறந்திருந்தது. பரீட்சகர் தங்கள் முன்னாலேயே ஆறாவது பட்டன் ஒன்று சேர்க்கச் சொன்னார், படத்தைப் பெரிதாக்கிக் காட்டும் பட்டன். விசைகளின் சத்தம் கேட்டது, நடுவில் நின்றது, மறுபடி கேட்டது. நிற்கும்போதெல்லாம் நான் கதவைப் பார்த்தேன். அவள் தானாக நிறுத்தி யோசிக்கிறாள், அவளுக்கு வரும் என்று எனக்குச் சொல்ல யாருமில்லை, நானேதான் சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது. அரை மணி நேரம் கழித்து அவள் குரல் கேட்டது: "இப்ப ஒவ்வொண்ணா அழுத்திக் காட்டுறேன் சார்." ஆறு முறை தட்டும் சத்தம். ஆறுக்கும் இடையில் அவள் விளக்கம். குப்பத்தில் முதல் மாதத்துக்கும் இந்த மாதத்துக்கும் நடுவே எத்தனை அடி மணல் போயிருக்கிறது என்று கேட்டபோது அவள் தயங்காமல் சொன்னாள். அந்த எண் எனக்கு அதுவரை தெரியாது. அவள் பட்டன்களை அவ்வளவு பார்த்த நான் அவள் அளந்ததை ஒரு முறையும் கேட்டிருக்கவில்லை.

தேறிவிட்டாள். சொன்னபடியே மதிப்பெண்ணைக் குறைத்தார்கள். தோழிகளைவிட ஒரு படி கீழே வந்தது. அந்தக் குறைந்த மதிப்பெண் அவள் சான்றிதழில் இருக்கும். அது என்னுடையது என்று எங்கும் எழுதியிருக்காது.

திரும்பும் ரயிலில் கூட்டம் குறைவு. எதிரெதிரே உட்கார்ந்தோம். அவள் மடிக்கணினியைத் திறந்தாள். கடவுச்சொல்லை அடிக்கப் போகிறாள் என்று தெரிந்ததும் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்தப் பக்கம் திரும்பு என்று அவள் சொல்லவில்லை, பார் என்றும் சொல்லவில்லை. விசைகள் எட்டோ ஒன்பதோ தட்டப்பட்ட சத்தத்தை எண்ணிவிட்டேன், பிறகு எண்ணியதற்காகவும் வெட்கப்பட்டேன்.

"இந்தாம்மா," என்று திரையை என் பக்கம் திருப்பினாள். "பாரு."

அவளுடைய பழைய வரிசைதான். நாலு நாலு வரியாக அவளே எழுதியது. 'பெரிதாக்கு' கடைசியில் சேர்ந்திருந்தது. 'அழி' மறுபடியும் 'சேமி'க்கு ஒட்டினாற்போல் உட்கார்ந்திருந்தது. என் விரல் தானாக அசைந்தது. அதை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டேன்.

"எதுனா சொல்லணுமா?" என்று கேட்டாள்.

"இல்ல. நல்லாருக்கு."

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். நம்பினாளா என்று தெரியவில்லை. சிங்கப்பெருமாள்கோயில் தாண்டும்போது திரையை மூடிப் பையில் வைத்து, பையை மடியிலேயே வைத்துக்கொண்டாள்.